இரண்டு குரல் அஞ்சலையும் ஷிப்ட் பஸ்ஸும்

பல் பிடுங்கப் போன இடத்தில்கூட என்னை விடவில்லை. வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, கையில் குறடோடு குனிந்து மருத்துவர் கேட்கிறார், டிவி பாட்டுப் போட்டியில் நடுவர்கள் அழுவது நிஜமா என்று. பதில் சொல்ல வாயை அசைத்தால் என் பல் போகும், வாயை மூடினால் அவர் விரல் போகும். கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். அவர் அதை வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

பாட்டுப் போட்டி வேலையை விட்டு நான் வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. ஆடிஷன் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களையும் இனிமேல் விடாது. கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், ரேஷன் வரிசையில் கேட்பார்கள், உங்கள் மாமியார் தினமும் கேட்பார். "என்னதான்க்கா சொல்றது?" என்று போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு இதுதான் பதில். கொஞ்சம் நீளமான பதில். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நடுவர் முன்னால் யாரோ முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்பதாகவும், வாயைத் திறந்து பாடியதும் நடுவர் அதிர்ந்துபோவதாகவும் காட்டுகிறோமே, அதில் அந்த அதிர்ச்சி சுத்தப் பொய். அந்த ஆளை நாம் முன்பே கேட்டிருப்போம், நமக்குப் பிறகு இசைக் குழு, அதாவது பாட்டைத் தரம் பார்க்கிற ஆட்கள், கேட்டிருக்கும். நடுவர் காதில் சின்ன இயர்பீஸ் இருக்கும், அதில் இயக்குநர் பேசிக்கொண்டே இருப்பார். நடுவரிடம் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரித்து அனுப்புவோம். எங்கள் பாஷையில் குரல், சிரிப்பு, கதை. நன்றாகப் பாடுகிறவர் குரல். கர்ண கடூரமாகப் பாடி, தான் நன்றாகப் பாடுவதாக நம்புகிறவர் சிரிப்பு. சுமாராகப் பாடினாலும் வீட்டில் பெரிய கஷ்டம் இருந்தால் கதை.

இன்னொன்று ரியாக்‌ஷன் ஷாட். யாரும் பாடுவதற்கு முன்பே, காலையில் முகப்பூச்சு கலையாமல் இருக்கும்போதே, நடுவர்களை உட்காரவைத்து சிரிக்க, திகைக்க, தலையாட்ட, கண் துடைக்க, எழுந்து கைதட்டச் சொல்லி வரிசையாக எடுத்துவைத்துக்கொள்வோம். பிறகு தேவைப்பட்ட இடத்தில் ஒட்டுவோம். எங்கள் மூத்த நடுவர் இதில் பெரிய வித்தைக்காரர். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்துக் கண்ணில் மட்டும் தண்ணீர் வரவழைப்பார். மற்றக் கண் பாலைவனமாகக் கிடக்கும்.

அப்படியானால் எல்லாமே பொய்தானே என்கிறீர்களா? அதற்குத்தான் நெய்வேலிக்கு வரவேண்டும்.

அந்த வருடம் எங்கள் இயக்குநருக்கு 'சுரங்கத்தில் பிறந்த குரல்' என்று ஒரு யோசனை உதித்தது. நல்ல மனிதர், ஆனால் யோசனை வந்துவிட்டால் பிறகு யாரையும் விசாரிக்க மாட்டார். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் சமூகக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு வேன் நிறையச் சாமான் வந்து இறங்கியது. நெற்றியில் விளக்கு வைத்த ஹெல்மெட்டுகள், பிக்காசு, முகத்தில் பூசக் கரிப்பொடி. பாட வந்தவர்கள் குகைக்குள்ளிருந்து தவழ்ந்து வருவதுபோல அட்டையில் ஒரு சுரங்க வாசல் வேறு.

நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மேலே வானம், கீழே பெரிய பள்ளம், நடுவில் ஊர் அளவு இயந்திரம். தோண்டுவதெல்லாம் அந்த இயந்திரம்தான். கரியும் கருப்பு இல்லை, பழுப்பு. வரிசையில் முதலில் நின்ற பையனுக்கு ஹெல்மெட்டை மாட்டி முகத்தில் கரியைத் தடவியதும் வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவன் கம்பெனி ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பையன். இதோடு வீட்டுக்குப் போனால் அம்மா உள்ளே விடமாட்டாள் என்று கெஞ்சினான். அட்டைச் சுரங்கத்தைச் சுருட்டி வேனில் போட்டோம். அன்று மாலை அந்த ஹெல்மெட்டுகளில்தான் எங்கள் குழு வெங்காயம் வாங்கி வந்தது.

அந்த வரிசையில் வந்தவள்தான் அஞ்சலை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. டவுன்ஷிப் சாலையோர மரங்களுக்கும் பூங்காவுக்கும் பராமரிப்பு செய்கிற காண்டிராக்டில் வேலை பார்க்கிறாள். ஊர் வளையமாதேவிப் பக்கம். அரை நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு நேரே வந்திருந்தாள்.

என்ன பாட்டு என்று கேட்டேன். டூயட் என்றாள். கூடப் பாடுகிற ஆள் எங்கே என்று கேட்டேன். "அதுவும் நான்தாங்க" என்றாள்.

முகவாயைக் கழுத்துக்குள் இறக்கினாள். மீசை வைத்த ஒரு ஆண் குரல் வந்தது. நான் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். அடுத்த வரிக்கு முகவாயைத் தூக்கினாள். பதினெட்டு வயதுப் பெண் குரல், தேன். இரண்டும் ஒன்றையொன்று கெஞ்சின, கோபித்துக்கொண்டன, சமாதானம் ஆயின. இருவரும் சேர்ந்து பாடுகிற வரி வரும்போது என்ன செய்யப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரியில் அவள் வார்த்தைக்கு வார்த்தை தலையை வலமும் இடமும் திருப்பி ஆளை மாற்றி மாற்றிப் பாடி, கடைசியில் அவளாலேயே தாங்க முடியாமல் குபீரென்று சிரித்துவிட்டாள். எங்கள் மேஜையே சிரித்தது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவளுக்கு முப்பத்தைந்து முடியப்போகிறது. எங்கள் போட்டியில் அதுதான் வயது வரம்பு. எதற்காக வந்தாய் என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். எல்லாரும் சினிமாவில் பாட வேண்டும் என்பார்கள். இவள் சொன்னது வேறு.

"செல்போன்ல வர்ற மியூசிக்கு கூடவே பாடிக்கினு கெடந்து அலுத்துப்போச்சுங்க. நெசமான ஆளுங்க ஒக்காந்து வாசிக்கணும், நான் நின்னு பாடணும். ஒரே ஒரு வாட்டி. இந்த வருசம் வுட்டா வயசு தாண்டிப்புடும்."

நிஜமான வாத்தியக் குழு இருப்பது சென்னைச் சுற்றில்தான். நெய்வேலிக்கு ஒதுக்கியதோ ஒரே ஒரு இடம். அந்த இடம் கிடைத்தால் வாத்தியம், இல்லாவிட்டால் அவளுக்குச் சாகும்வரை செல்போன்தான். எனக்கு அந்த நிமிடமே அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. 'குரல்' என்று சொல்லி இசைக் குழுவிடம் அனுப்பினேன், அவர்களும் சரி என்றார்கள்.

இயக்குநர் காதில் வேறு செய்தி போய் விழுந்தது. அஞ்சலையின் புகுந்த வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போயிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "குரல் இல்ல இது. கதை" என்றார்.

அவளை உட்காரவைத்து நிலத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவள் ஆரம்பிக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அவளுக்கு வழக்கம், கஷ்டமான பேச்சு வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். இயக்குநர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மேடையில் சோகப் பாட்டு பாட வேண்டும், நடுவர் நிலத்தைப் பற்றிக் கேட்கும்போது அழ வேண்டும், அழுகை வராவிட்டால் கண்ணில் விட கிளிசரின் இருக்கிறது என்று விளக்கினார். அவள் அந்தக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, அவள் அழுதால் இடம், அழாவிட்டால் இல்லை, நீயே சொல்லிவிடு என்றார். ஆகாத சேதியைச் சொல்வதெல்லாம் எப்போதும் என் தலையில்தான் விழும்.

சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அழுவணும்னா என் வூட்டுலயே அழுவனேங்க. அதுக்கு எதுக்குப் பர்மிசன் போட்டுக்கினு இங்க வரணும்?"

வாத்தியத்தோடு பாட வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள், முயற்சி செய்கிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நானும் சம்பளத்துக்கு இருக்கிறவள்தான். அவள் வரிசை எண்ணைப் பின்னால் தள்ளி, மனதைத் திடப்படுத்திக்கொள்ள நேரம் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கூட்டம் சேர்ப்பதற்கு என்று எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார், கைதட்டல் மாஸ்டர் என்போம். எந்த ஊருக்குப் போனாலும் கூடத்தை நிரப்பிவிடுவார். நெய்வேலியிலும் நிரப்பினார். ஆண்கள் கூட்டம் முன்வரிசையில் பளிச்சென்று யூனிபார்மில் உட்கார்ந்திருந்தது, மடியில் சாப்பாட்டுப் பை. கேமராவுக்கு என்ன அழகு என்று இயக்குநர் மகிழ்ந்துபோனார். அவர்கள் ஏன் யூனிபார்மில் வந்திருக்கிறார்கள், ஏன் மடியில் பை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் கல்யாண முகூர்த்தம்கூட ஷிப்ட் பார்த்துத்தான் வைப்பார்கள். அத்தனை பேரும் மத்தியான ஷிப்ட் ஆட்கள். பஸ் வரும்வரை பாட்டு கேட்கலாமே என்று வந்து உட்கார்ந்தவர்கள். அந்த ஷிப்ட் பஸ் நிற்கிற இடம் எங்கள் கூடத்து வாசல்.

நான் பின்னால் தள்ளிய எண், சரியாக அந்த நேரத்தில் வந்து விழுந்தது.

அஞ்சலை மேடைக்குப் போனாள். சோகப் பாட்டை ஒழுங்காகவே ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் பாட்டு அவளுக்கு இரவல் சட்டை. கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். பாட்டு முடிந்தது. மூத்த நடுவர் இயர்பீஸில் வந்ததைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, குரலைத் தழைத்து, உங்கள் நிலம் போனதைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா என்றார். பதிவு செய்து வைத்த சோக வயலினை ஒலிக்கவிட ஒரு ஆள் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. "வருது, வருது, க்ளோசப் போ" என்று ஹெட்செட்டில் இயக்குநர் பரவசப்பட்டார். அவள் நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். மாமனாருக்கும் அவர் தம்பிக்கும் அடுத்தடுத்த நிலம். நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு யாருடையது என்று இருவரும் வருடக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் மண்வெட்டியால் இந்தப் பக்கம் ஒரு அங்குலம் செதுக்குவார், மறுநாள் மற்றவர் அந்தப் பக்கம் செதுக்குவார். செதுக்கிச் செதுக்கி வரப்பு வகிடு மாதிரி ஆகிவிட்டது, ஆள் நடக்க முடியாது. கோர்ட்டு வரை போனார்கள். கடைசியில் நிலம் எடுக்கும்போது இந்தப் பக்கமும் போனது, அந்தப் பக்கமும் போனது, நடுவில் வரப்பும் போனது.

"இப்ப ரெண்டு பேருக்கும் சண்ட போட ஒண்ணும் இல்லீங்க. காலைல எழுந்தா ஒருத்தர் வூட்டுக்கு ஒருத்தர் போயி ஒக்காந்துக்கினு, 'நல்ல வரப்புடா அது'ன்னு பேசிக்கினு கெடக்குறாங்க. அதப் பாத்தா அழுவுறதா சிரிக்கிறதான்னே தெரியலீங்க. எனக்கு சிரிப்புதான் மொதல்ல வருது."

முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அவருக்கும் ஒரு வரப்பு இருந்திருக்க வேண்டும். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. பாதிப் பேருக்கு எங்கோ ஒரு வரப்பு போயிருந்தது, பாதிப் பேருக்கு இன்னும் பேசாத சித்தப்பா இருந்தார். கூடமே வெடித்துவிட்டது. மூத்த நடுவர் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர். இயர்பீஸில் "அழுங்க சார், அழுங்க சார்" என்று இயக்குநர் கெஞ்சுவது எனக்கும் கேட்டது, அவர் அழுதுகொண்டுதான் இருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வயலின் பொத்தானில் விரல் வைத்திருந்தவன் பதற்றத்தில் அமுக்கிவிட்டான். அந்தச் சோக வயலினைக் கேட்டு ஜனம் இன்னும் உருண்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் மூத்த நடுவர், உனக்குப் பிடித்த பாட்டு ஒன்று பாடம்மா என்று சொல்லிவிட்டார். அது எங்கள் திட்டத்திலேயே இல்லை. அவள் முகவாயைக் கழுத்துக்குள் இறக்கினாள்.

டூயட் பாதியில் இருக்கும்போது வாசலில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. முன்வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று அவர்களும் எழுந்தார்கள்.

மானிட்டர் அறையில் இருந்த இயக்குநருக்கு ஹாரன் கேட்கவில்லை. எழுந்து நிற்கிற கூடம்தான் தெரிந்தது. அவர் போட்ட கூச்சலில் என் காது இரண்டு நாள் ரீங்காரம் இட்டது. "எல்லாரும் எழுந்துட்டாங்க. குடுங்க சார், எடத்தக் குடுங்க சார். எனக்கு அழுகையே வேணாம்."

அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் எழுந்தது பஸ்ஸுக்கு. அடுத்த நிமிடம் அத்தனை பேரும் வாசலுக்கு ஓடப்போகிறார்கள், இவர் மானம் கப்பலேறப்போகிறது, அஞ்சலையின் இடமும் அதோடு போகப்போகிறது. நான் வாசலைப் பார்த்தேன்.

ஒருவரும் ஓடவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் வாசலைப் பார்க்கவும் முகம் மேடையைப் பார்க்கவும் அப்படியே நின்றார்கள். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. ஒருவர் வாசல் பக்கம் கையைக் காட்டி 'இரு' என்றார். மூன்றாவது ஹாரன் நீளமாக வந்தது. நாலாவது வரவில்லை, டிரைவரே வந்துவிட்டார். காக்கி யூனிபார்ம், கையில் சாவிக்கொத்து, திட்டுவதற்காக வாயைத் திறந்துகொண்டே வாசலில் காலை வைத்தவர், இரண்டு குரலும் வார்த்தைக்கு வார்த்தை மாறுகிற அந்த வரியைக் கேட்டார். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை அவர் அதை மூடவே இல்லை.

முடிந்ததும் ஒரு பெரிய கைதட்டல், ஒரே ஓட்டம். கூடம் காலி. பின்வரிசைக்காரர்களும் பஸ்ஸில் ஏறுகிறவர்களை வேடிக்கை பார்க்க வெளியே போய்விட்டார்கள். கூட்டத்தை உட்காரவைத்து இன்னொரு முறை எழச் சொல், க்ளோசப் வேண்டும் என்று இயக்குநர் கத்துகிறார், கைதட்டல் மாஸ்டர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மூத்த நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெய்வேலியின் இடம் உனக்குத்தான் அஞ்சலை என்று கம்பீரமாக அறிவித்தார். மேடையைப் பார்த்தால் அஞ்சலையும் இல்லை.

அழாவிட்டால் இடம் இல்லை என்று நான்தானே சொல்லியிருந்தேன். அவள் அழவில்லை, அதனால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, பர்மிஷன் நேரம் முடிவதற்குள் வழியில் இறங்கி வேலைக்குப் போகலாம் என்று அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

நான் வெளியே ஓடினேன். கூடத்து வாட்ச்மேனிடம் ஒரு மொபெட் இருந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் உடம்பைப் பார்த்து அது ஒருமுறை முனகியது, பிறகு கிளம்பியது. தலையில் ஹெட்செட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். மகிழ்ச்சி ஷாட் வேண்டும், அவளை இழுத்துக்கொண்டு வா, குதிக்கச் சொல், தரையில் முத்தமிடச் சொல் என்று இயக்குநர் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது திருப்பத்தில் ஹெட்செட் எட்டுகிற தூரம் தாண்டியதும் குரல் தேய்ந்து நின்றது. இரண்டு பக்கமும் மரங்கள், நல்ல காற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச்மேனும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தோம். ஏறினால், உள்ளே அஞ்சலை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஷிப்ட் ஆட்கள் கேட்டுக்கொண்டதற்காக அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்படியே பக்கத்துச் சீட்டு நுனியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நெசமா என்று கண்ணால் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் அந்த பஸ் போட்ட சத்தம் இருக்கிறதே, விசில், தகரத்தில் தட்டல், சாப்பாட்டு டப்பாவில் தாளம். அவள் சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு அவிழ்ந்து விழுந்தது. கேமரா அங்கே இல்லை.

எனக்கு வேலை ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கேமராவுக்கு முன்னால் சந்தோஷப்பட வேண்டும் என்றேன்.

"அதான் சந்தோசமா இருக்கனேங்க" என்றாள். "அங்க வந்து இன்னொரு வாட்டி சந்தோசப்படணுமா?"

போன் அடித்தது, இயக்குநர். அவளைப் பிடித்தாயா என்றார். பஸ் போய்விட்டது சார் என்றேன். பொய் இல்லை, போய்க்கொண்டுதான் இருந்தது. நான் அதற்குள் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.

பாருங்கள், இந்தத் தொழிலில் எதையும் திரும்ப எடுக்கலாம். நடை, அழுகை, ஆச்சரியம், தாய் மகளைக் கட்டிப்பிடிப்பது, எல்லாவற்றுக்கும் இரண்டாவது டேக் உண்டு. திரும்ப எடுக்கக் கூடாதது ஒன்று எதிரே வந்து நிற்கும்போது அதை அடையாளம் தெரிந்து கையைக் கட்டிக்கொள்வதுதான் கஷ்டம். அதற்கு விதி எதுவும் என்னிடம் இல்லை. அன்றைக்கு எனக்கு அது ஒரு பஸ்ஸுக்குள் தெரிந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மூத்த நடுவர் வாசலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் எழுந்தது பஸ்ஸுக்கு என்று அவருக்குத் தெரியும், ஹாரன் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுந்ததற்காக இடம் கொடுக்கவில்லை, எழுந்த பிறகு போகாமல் நின்றதற்காகக் கொடுத்தேன் என்றார். இதை இயக்குநரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்து, இன்னொரு தோசை சொன்னோம்.

சென்னையில் முதல் ஒத்திகைக்கு வந்த அஞ்சலை, பாடுவதற்கு முன் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கும்பிட்டாள். தபலாக்காரரிடம் ஒருமுறை தட்டிக் காட்டச் சொன்னாள். புல்லாங்குழல்காரர் ஊதியதும் ஐயோ பக்கத்துலயே கேக்குதே என்று கூவிவிட்டாள். சில வாரங்கள் பாடினாள், பிறகு வெளியேறினாள். வெளியேறிய அன்றும் வாத்தியக்காரர்களிடம்தான் முதலில் போனாள். ஒரு தடவை கேட்டன், இத்தினி தடவை கெடச்சிது என்றாள்.

நெய்வேலிப் பகுதி ஒளிபரப்பானதும் இணையத்தில் கமெண்டுகள் குவிந்தன. மூத்த நடுவர் காலையில் எடுத்த ஒற்றைக் கண் அழுகையை வேறு ஒரு பாட்டுக்கு ஒட்டியிருந்தோம், அதைப் பார்த்து நாடே உருகியது, என்ன உண்மையான மனிதர் என்றார்கள். அஞ்சலைக்குக் கூடம் எழுந்து நின்றதைப் பார்த்து, காசு கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்கள், யூனிபார்ம்கூட வாடகை போல, பச்சையான செட்டப் என்று எழுதினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒவ்வொருவர் வீட்டுக்கும் மொபெட்டில் போகலாம் போல இருந்தது.

இதைவிடப் பெரிய வில்லங்கம், ஒளிபரப்புக்கு முன்பே, ஷூட்டிங் நடந்த அன்றே பஸ் டிரைவருக்கு வந்திருந்தது. பஸ்ஸோடு அத்தனை பேரும் தாமதமாகப் போனதற்கு ஷிப்ட் இன்சார்ஜ் விளக்கம் கேட்டிருக்கிறார். பஞ்சர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். டிரைவர் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன் என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார். அஞ்சலை அன்றைக்கே எனக்குப் போன் செய்து, நம்மால் ஒரு மனுஷனுக்குக் கெட்ட பேர், நீங்க ஒரு வார்த்தை பேசுங்க என்றாள். பேசினேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். கடைசியில், "டிவிக்காரங்க சொன்னா எப்படிம்மா நம்புறது?" என்றார்.

ஒளிபரப்பான மறுநாள் அவரே என்னை அழைத்தார். டிரைவர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, பஸ்ஸில் வந்தவர்களுக்கும் தாமதம் என்று போட்டதை நீக்கிவிட்டேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே செட்டப் என்கிறதே சார், நீங்கள் மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன்.

"டிவியில வாசல்ல வாயத் தொறந்துகிட்டு நிக்கிறானே என் டிரைவரு, அவன எனக்கு இருபது வருஷமா தெரியும். அவனுக்கு நடிக்கத் தெரியாதும்மா" என்றார்.